நூல் புடவையும் ஒரு நொதியும்

என் தங்கைக்கு முதல் பிள்ளை தக்கவில்லை. பிறந்தபோது நன்றாகத்தான் இருந்தான். அவன் கத்திய கத்தலைக் கேட்டு நர்ஸே சிரித்தாள். ஒரு வாரம் போவதற்குள் உடம்பெல்லாம் மஞ்சள் பாய்ந்தது. பால் குடிக்காமல் துவண்டான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் வழியிலேயே அடங்கிவிட்டான். பேர் வைப்பதற்குள் போனவன் என்பதால் இன்றுவரை எங்கள் வீட்டில் அவனை மொதல் பிள்ளை என்றுதான் சொல்கிறோம்.

பச்சைப் பிள்ளைக்கு மஞ்சள் வருவது சகஜம், காலை வெயிலில் காட்டினால் போய்விடும் என்று சொன்ன அதே வாய்கள், பிள்ளை போன பிறகு காரணம் தேடக் கிளம்பின. பிறந்த நேரம் சரியில்லை என்றது ஒரு வாய். பெற்றவள் பாலில்தான் கோளாறு என்றது இன்னொன்று. நரம்பில்லாத நாக்கு எப்படி வேண்டுமானாலும் வளையும். நேரத்தைப் பற்றிச் சொன்னதைத் தங்கை காதில் வாங்கவில்லை. பால் என்ற பேச்சு மட்டும் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மாரில் கட்டிய பாலைப் பீய்ச்சி ஊற்றிக்கொண்டிருந்த நாட்களில் அவள் அதைக் கேட்டாள்.

ஒரு நாள் போனில் கேட்டாள். "அக்கா, நீ இதெல்லாம் படிச்சவதானே? தாய்ப்பால் வெஷமாவுமா?"

"ஆகாதுடி. எவ சொன்னா உனக்கு?" என்று கத்தினேன்.

"அப்போ ஏன் பூட்டான்?"

எனக்குக் கத்த மட்டும்தான் தெரிந்தது.

நான் திருப்பதியில் ஒரு டிகிரி கல்லூரியில் உயிரியல் சொல்லித் தருகிறேன். வீட்டில் தமிழ், வகுப்பில் இங்கிலீஷ், பிள்ளைகள் முழித்தால் தெலுங்கு. வருடா வருடம் என்சைம் பாடத்தை நான்தான் எடுப்பேன். தமிழ்ப் புத்தகத்தில் நொதி என்று போட்டிருப்பார்கள். பாடத்தை உருளைக்கிழங்கில் ஆரம்பிப்பது என் வழக்கம். ஒரு கிளாஸில் ஹைட்ரஜன் பெராக்சைடை ஊற்றிப் பச்சைக் கிழங்குத் துண்டைப் போட்டால் புசுபுசுவென்று நுரை பொங்கும். இன்னொரு கிளாஸில் வேகவைத்த துண்டைப் போட்டால் அது கல் மாதிரி கிடக்கும். பெராக்சைடு தானாகவும் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரியக்கூடியதுதான். ஆனால் அதை அதன் போக்கில் விட்டால் பாட்டிலில் மாதக்கணக்காகக் கிடக்கும். கிழங்குக்குள் இருக்கும் நொதி அதே வேலையைக் கண்மூடித் திறப்பதற்குள் முடிக்கிறது. வேகவைத்தால் நொதியின் உருவம் குலைந்துவிடும். உருவத்தில்தான் அதன் வேலையே இருக்கிறது.

கல்யாணத் தரகரை நினைத்துக்கொள்ளுங்கள் என்பேன். பெண் வீடும் பிள்ளை வீடும் தாங்களாகவே சந்தித்துப் பேசி முடிக்கலாம், தப்பில்லை. அதற்குள் இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிடும். தரகர் இருவரையும் ஒரே பாயில் உட்காரவைக்கிறார். தயக்கத்தைக் குறைக்கிறார். காரியம் முடிந்ததும் குடையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுகிறார். அவர் கரைவதும் இல்லை, மாறுவதும் இல்லை. ஒருவரே நூறு கல்யாணம் முடிப்பார். ஆனால் தனக்குத் தெரிந்த வகை வரனைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார். வினையூக்கி என்றால் இதுதான். வகுப்பு சிரிக்கும். பரீட்சைத் தாளில் தரகர் என்றே எழுதிவைத்து என் ரத்தக்கொதிப்பை ஏற்றிய புண்ணியவான்களும் உண்டு.

ஒரு தரகர் வராமல் போனால் ஒரு வீட்டில் என்ன ஆகும் என்பதை மட்டும் நான் சிரிப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தேன்.

தங்கை மறுபடி உண்டானபோது வீட்டில் யாரும் வாய்விட்டுச் சந்தோஷப்படவில்லை. எங்கள் சொந்த ஊரான நகரியிலேயேதான் அவள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். பிரசவத்துக்கு அப்பா வீட்டுக்கே வந்தாள். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அம்மா எங்களுக்கு இல்லை. தங்கையின் கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டாள். வீட்டின் பின்கட்டில் நைனாவின் பவர்லூம் தறிகள் ஓடும். பிரசவ நாள் நெருங்க நெருங்க அவற்றின் சத்தம் தங்கைக்கு ஆகாது என்று நைனா பகலிலேயே தறியை நிறுத்த ஆரம்பித்தார். தறி நின்ற வீட்டில் அவர் என்ன செய்வது என்று தெரியாமல் சும்மா நடந்துகொண்டிருந்தார். இந்தப் பிள்ளையாவது தக்க வேண்டும் என்பதைத் தவிர அந்த வீட்டில் வேறு நினைப்பே இல்லை.

எங்கள் பக்கம் பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் போடமாட்டோம். பெரியவர்கள் உடுத்திப் பழகிய பழந்துணியில்தான் முதலில் சுற்றுவோம். எங்கள் வீட்டில் அது அம்மாவின் நூல் புடவை. முதல் பிள்ளைக்குச் சுற்றியதை அவனோடேயே அனுப்பிவிட்டோம். இது வேறு புடவை, ஆனால் அதே இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்தது. அம்மாவின் புடவைகளை நைனா அந்தப் பெட்டியில் மடிப்புக்கு மடிப்பு பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தார். துணியில் பூச்சி விழுந்தால் தறிக்காரன் வீட்டில் அது மானக்கேடு. அந்த வெள்ளை உருண்டைகளின் வாசனைதான் எனக்கும் தங்கைக்கும் அம்மாவின் வாசனை என்று ஆகிப்போயிருந்தது.

மொதல் பிள்ளையைப் பூச்சி கீச்சி ஏதாவது கடித்திருக்குமோ என்று நைனாவுக்கு மனதில் ஒரு சந்தேகம். அதனால் இந்த முறை, பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே, கடையிலிருந்து புது உருண்டைகளை வாங்கிவந்து பெட்டியில் இன்னும் தாராளமாகப் போட்டிருக்கிறார்.

பிள்ளை பிறந்ததும் புடவையை எடுத்து வந்தார். ஒரு தடவை அலசிவிடலாமே என்றேன்.

"வோணாம்மா. நூல் இத்துப் பூட்ச்சி. இன்னொரு வாட்டி தோய்ச்சா நார் நாரா வந்துடும். சுத்தமாத்தான் வெச்சிக்கினு கீறேன்" என்றார்.

துணியைப் பற்றி அவரிடம் யார் பேசுவது? பிள்ளை அதில் சுகமாகத் தூங்கினான். ஆண் பிள்ளை, மூத்தவன் ஜாடை. நான் கல்லூரிக்குத் திரும்பி வந்து, சில நாளில் இரண்டாவது தடவை போய்ப் பார்த்தபோது பிள்ளையின் கண் மஞ்சளாக இருந்தது. கீழாநெல்லி கொடுக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். துணியில் பட்டிருந்த மூத்திரம் டீத் தண்ணி நிறத்தில் இருந்தது. தங்கை என்னைப் பார்த்தாள். நான் வண்டி பிடிக்க ஓடினேன்.

புத்தூர் வழியாகத் திருப்பதி வந்து சேரும் வரை அவள் பிள்ளையின் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே வந்தாள். ஒரு தடவைகூட அவனுக்குப் பால் கொடுக்கப் பார்க்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயது. பிள்ளையின் இமையை விலக்கிப் பார்த்தாள், உள்ளங்காலை அழுத்திப் பார்த்தாள். மஞ்சள் மட்டும் இல்லை, வெளுத்தும் போயிருக்கிறான், ரத்தம் உள்ளேயே உடைகிறது என்றாள். அப்புறம் குனிந்தவள் நிமிராமல் துணியை முகர்ந்தாள்.

"பட்டல்லோ கலரா உண்டலு வேசாரா?" என்று கேட்டாள். துணியில் பாச்சை உருண்டை போட்டிருந்தீர்களா என்று அர்த்தம்.

எங்களோடு வந்திருந்த நைனா முன்னால் வந்தார். போட்டிருக்கிறேன் அம்மா, மடிப்புக்கு மடிப்பு போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று தெலுங்கிலேயே சொன்னார். குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. டாக்டரம்மா நர்ஸிடம் திரும்பி அந்தத் துணியை உடனே எடுக்கச் சொன்னாள். பிள்ளையைத் துடைத்து, வேறு ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே ஜி சிக்ஸ் பி டி என்ற என்சைம் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துவிடுங்கள் என்றாள்.

அந்தப் பெயர் எனக்குத் தெரிந்ததுதான். குளுக்கோஸ் சிக்ஸ் பாஸ்பேட் டிஹைட்ரோஜினேஸ். போர்டில் ஒரே மூச்சில் எழுதிவிடுவேன். ரத்தச் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஒரு நொதி அது. சிவப்பணு ஆக்சிஜனைச் சுமந்து திரிகிறது. ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் பெராக்சைடு மாதிரியான கெடுதல்களும் உண்டாகிக்கொண்டே இருக்கும். அவற்றை அடக்க அணுவுக்கு ஒரு கையிருப்பு வேண்டும். குளுக்கோஸிலிருந்து அந்தக் கையிருப்பை எடுத்துக் கொடுக்கும் வேலையை இந்த நொதிதான் தொடங்கிவைக்கிறது. சிவப்பணுவுக்கு வேறு வழியே கிடையாது. அது பக்குவமாகும்போதே தன் உட்கருவைத் துறந்துவிடுகிறது. புதிதாக ஒரு நொதிகூடச் செய்துகொள்ள அதற்கு முடியாது. மலைக்கு நடந்து போகிறவர்கள் கட்டுச்சோறு எடுத்துப் போவது போல, கிளம்பும்போது கட்டிக்கொண்டதை வைத்துத்தான் கடைசிவரை ஓட்டவேண்டும். இவனுடைய அணுக்கள் அரைகுறை மூட்டையோடு கிளம்பியவை. அதுவாவது போதும், தொந்தரவு வராத வரைக்கும். அந்த உருண்டையின் ஆவி மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உள்ளே போய்விட்டது. கெடுதலை ஒரேயடியாகப் பெருக்கியதும் கையிருப்பு தீர்ந்துவிட்டது. அணுக்கள் உடைந்தன. உடைந்த அணுவின் மஞ்சளைக் கரைத்து வெளியே தள்ளவும் கல்லீரலில் ஒரு நொதி இருக்கிறது. பச்சைப் பிள்ளைக்கு அது இன்னும் முழுதாக வேலைக்கு வந்திருக்காது. ஒரு நொதி குறை, ஒரு நொதி தாமதம். பத்து மார்க் கேள்வி என் தங்கை பிள்ளையாகக் கிடந்தது.

பிள்ளையை நீல வெளிச்சத்தில் போட்டு, ரத்தம் மாற்றத் தொடங்கினார்கள். நாங்கள் வராந்தாவில் உட்கார்ந்தோம். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து இறங்கியவர்கள் வாசலில் போய்க்கொண்டிருந்தார்கள். நைனா ஒவ்வொரு குழந்தையையும் தலை திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

"என்சைம்னு சொன்னாங்களே, அது இன்னாம்மா?"

தரகர் கதையை விட்டுவிட்டேன். "சாயப்பட்டறையில துணியிலருந்து கஞ்சி எடுக்க ஒரு பவுடர் போடுவாங்களே நைனா" என்றேன்.

"ஆமா. கொஞ்சூண்டு போட்டா தொட்டி துணிக்கும் கஞ்சி வுட்டுடும். தண்ணி கொதிக்கக் கூடாது. கொதிச்சா பவுடர் வேஸ்ட்டு."

"அதுவும் என்சைம்தான். உடம்புக்குள்ள அந்த மாதிரி ஆயிரக்கணக்குல கீது. ஒண்ணொண்ணுக்கும் ஒரு வேலை. பிள்ளைக்கு அதுல ஒண்ணு கம்மி."

"பவுடர் இல்லாத தொட்டியில கஞ்சி அப்படியே நின்னுக்கும்" என்றார் மெதுவாக. "அப்போ அந்த உருண்டை இவனுக்கு ஆவாதா?" என்று கேட்டார்.

"ஆவாது நைனா. இந்தக் கொற இருக்கறவங்களுக்கு ஆவாது. மத்தவங்களுக்கு அவ்வளவா ஒண்ணும் பண்ணாது."

அவர் எழுந்து போய்க் குழாயில் கை கழுவினார். வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்து போய்க் கழுவினார்.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். இதை எழுதும்போதும் எனக்குக் கண் கலங்குகிறது, மறைப்பானேன். மூத்திரத்தின் நிறம் தெளிந்தது, கண்ணில் மஞ்சள் இறங்கியது, பசியில் ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினான். அப்போதும் தங்கை அவனை மாரில் போடத் தயங்கினாள். டாக்டரம்மாவே வந்து உட்கார்ந்து, உன் பாலுக்கு ஒரு குறையும் இல்லை, கொடு என்றாள். தங்கை கொடுத்தாள். அவன் குடித்த சத்தத்தைக் கேட்டு நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பரிசோதனை முடிவும் வந்தது. அந்த நொதி குறைவுதான். இந்தக் குறை ஆண் பிள்ளைக்குத் தாய் வழியாகத்தான் வரும் என்று டாக்டரம்மா விளக்கினாள். தாய்க்கு அது தன் பெற்றோரில் யாரிடமிருந்தும் வந்திருக்கலாம், அக்கா என்பதால் எனக்குள்ளும் இருக்கலாம். குறை இருப்பதே தெரியாமல் ஆயுசு முழுக்க நன்றாக வாழ்கிறவர்கள் ஏராளம், இன்னின்ன மாத்திரைகளும் பாச்சை உருண்டையும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றாள். தங்கை தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். டாக்டரம்மா போன பிறகு என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, மொதல் பிள்ளைக்கும் அம்மா பொடவதானே சுத்தனோம்?"

இந்தக் கேள்வி வரும் என்று டாக்டரம்மா துணியை முகர்ந்த அந்த நிமிஷத்திலிருந்தே எனக்குத் தெரியும். "அவனுக்கு டெஸ்ட் பண்ணல. உறுதியா சொல்ல முடியாது. ஆனா அதுவாத்தான் இருக்கும்" என்றேன். அவளிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"அப்போ என் பால் இல்ல" என்றாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அத்தனை வருஷமாக அந்த அழுகையை எங்கே வைத்திருந்தாளோ. ஓய்ந்த பிறகு சொன்னாள். "நைனாகிட்ட இத சொல்லிடாத அக்கா. அவரு தாங்க மாட்டாரு. இந்தப் பிள்ளைக்கு மட்டும்தான் அந்தக் கொறன்னே இருக்கட்டும்."

அன்றிலிருந்து நான் என்சைம் பாடத்தில் உருளைக்கிழங்குக்குப் பிறகு சிவப்பணுவுக்கு வந்துவிடுகிறேன். பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியைப் பச்சைப் பிள்ளைமேல் போடாதீர்கள் என்று மூன்று மொழியிலும் சொல்கிறேன். பாடத்திட்டத்தில் அது இல்லை. போகட்டும்.

பிள்ளைக்குப் பேர் வைத்த அன்று நகரியில் வீடு நிறைய ஜனம். சாப்பாடு முடிந்து எல்லோரும் முன்பக்கம் பிள்ளையைக் கொஞ்சிக்கொண்டிருந்தார்கள். நான் தண்ணீர் குடிக்கப் பின்கட்டுக்குப் போனேன். நின்றிருந்த தறிக்குப் பக்கத்தில் நைனா தனியாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்த ஸ்டூலைக் காட்டினார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. மொதல் பிள்ளைக்கும் இதேதானாம்மா?"

தங்கையிடம் சொன்னதில் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

"தெரியாது நைனா. அவனுக்கு டெஸ்ட் பண்ணல."

"டெஸ்ட் பண்ணாம சொல்ல முடியாதா?"

"முடியாது."

"காலேஜ்ல பசங்களுக்கு அப்படித்தான் சொல்லித் தரியா?"

"ஆமா நைனா. சோதிச்சுப் பாக்காதத சொல்லக் கூடாது."

அவர் தறியில் அறுந்து தொங்கிய ஓர் இழையை எடுத்து விரலில் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார். முன்பக்கம் தங்கை ஏதோ சொல்லிச் சிரிப்பது கேட்டது. அவள் அப்படிச் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. நைனாவும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்.

"உன் தங்கச்சி கேட்டாலும் இதையே சொல்லு" என்றார். "மொதல் பிள்ளைக்கும் பொறந்த வூட்டுத் துணிதான்னு அவளுக்குத் தெரியவே வோணாம்."

"சரி நைனா" என்றேன்.